மோட்டாரின் குரல்



நாம் சொற்களால் பிழைப்பவர். மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் ஆங்கிலத்தில் வரும் விதிகளையும் அறிக்கைகளையும் தமிழாக்கி அனுப்புவது நம் தொழில். கல்லூரியில் நாம் பயின்றது வரலாறு. எந்திரங்களைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம், அவை பழுதுபட்டால் பணம் கேட்கும் என்பது ஒன்றே. அத்தகைய நாம், ஒரு மோட்டார் காரின் ஸைலன்ஸரை வீட்டு வாசலிலே வைத்து அறுத்து, அதன் குரலைத் திருத்தப் புகுந்த கதையையும், அதனால் கற்க நேர்ந்த சில உண்மைகளையும் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில், 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சில பகுதிகள் நம் மேசைக்கு வந்தன. அவற்றுள் 120ஆம் விதி ஸைலன்ஸரைப் பற்றியது. எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயு எழுப்பக்கூடிய ஓசையை, விரிந்த அறை ஒன்றைக் கொண்டோ வேறு வகையாலோ, நடைமுறையில் இயன்ற மட்டும் குறைக்கும் சாதனம் ஒவ்வொரு வாகனத்திலும் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இச்சாதனத்தைத் தமிழில் என்னவென்று அழைப்பது? 'மௌனமாக்கி' என்றால் அது பொய்யாகும். அது எதையும் மௌனமாக்குவதில்லை. 'ஒலியடக்கி' என்றாலும் சற்று மிகையே. அமெரிக்கர் இதனை மப்ளர் என்கின்றனர். தில்லியிலோ மப்ளர் என்றால் மார்கழிக் குளிருக்குக் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் கம்பளித் துணி. ஆராய்ந்து பார்த்தால் இரண்டும் ஒரே சொல்தான். போர்த்தி மூடுவது என்பதே அதன் பொருள். இச்சொல்லாராய்ச்சியில் ஒரு பிற்பகல் முழுவதும் கழிந்தது.

அதே கட்டில் வேறொரு விதியும் இருந்தது. கார் முதலிய வாகனங்களின் புகை எந்தப் பக்கமாக வெளியேறக் கூடாது, எந்தப் பக்கமாக வெளியேறலாம் என்று அது வரையறுக்கிறது. அதனை நாம் கால் மணி நேரத்தில் முடித்தோம். புகை 'தாழ்வாகவோ இடப்புறமாகவோ' வெளிவரலாகாது, பின்புறமாகவோ வலப்புறமாகவோ வெளிவர வேண்டும் என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் புரட்டினோம். இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்பது அன்றைய நம் எண்ணம்.

அந்நாட்களில் நம் அக்காள் மகன் திருச்சியிலிருந்து வந்து நம் வீட்டில் தங்கியிருந்தான். எந்திரவியலில் பட்டம் பெற்று, மத்திய அரசுத் தேர்வு ஒன்றுக்காகப் படித்துக் கொண்டிருந்தவன். நம்மிடம் இருப்பது ஒன்பது ஆண்டு வயதான, பிறர் கையிலிருந்து வாங்கிய, மூன்று சிலிண்டர் கொண்ட சிறிய கார். அதன் ஸைலன்ஸர் கொஞ்ச காலமாகவே கரகரத்தது. அவன் ஒரு நாள் குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, உங்கள் வண்டி இருமுகிறது. இரண்டு நாள் விட்டுக் கொடுத்தால் நான் அதைப் பேச வைக்கிறேன்" என்றான்.

நாம் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் சிறு வயதில் எங்கள் ஊர்ச் சப் இன்ஸ்பெக்டர் புல்லட் மோட்டார் சைக்கிளில் வருவார். தெருக்கோடியில் அதன் ஓசை கேட்டதுமே கடைத் திண்ணையில் சீட்டாடுவோர் எழுந்து நிற்பார்கள். மனிதர் வருமுன்னே அவருடைய மதிப்பு வந்துவிடும். கோப்புகளுக்கிடையே இருபது ஆண்டுகள் ஓசையின்றிக் கழித்த ஒருவருக்கு, தம் வண்டியாவது சற்றுக் கம்பீரமாக முழங்கட்டுமே என்ற ஆசை தோன்றுவது பெரிய குற்றமன்று என்று அன்று நமக்குத் தோன்றிற்று.

அந்த ஓசை எங்கிருந்து பிறக்கிறது என்பதை மருமகன் விளக்கினான். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிந்து தன் வேலையை முடித்ததும் வெளிவாயில் வால்வு திறக்கிறது. அப்போதும் உள்ளேயிருக்கும் வாயுவின் அழுத்தம் வெளிக் காற்றின் அழுத்தத்தைவிட மிகுதி. ஆகவே வாயு ஒரே அறைதலாகக் குழாய்க்குள் பாய்கிறது. ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை இவ்வாறு அறைகிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 2400 சுற்றுச் சுற்றினால், விநாடிக்கு 40 சுற்று. மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து விநாடிக்கு 60 அறைதல்கள். இதுவே அவ்வண்டியின் அடிப்படைச் சுருதி. நான்கு சிலிண்டர் வண்டியாயின் அதே வேகத்தில் 80. ஆகவேதான் ஒன்று உறுமுகிறது, மற்றொன்று இழைகிறது. ஒற்றைச் சிலிண்டர் புல்லட்டில் ஒவ்வோர் அறைதலையும் காது தனித்தனியே எண்ணிவிடலாம். அதன் மதிப்பு முழுவதும் அந்த இடைவெளியில் இருக்கிறது! சிறிய காரின் ஸைலன்ஸரை எவ்வளவு அறுத்தாலும் அந்த இடைவெளி கிடைக்கப் போவதில்லை. இதை அவன் முன்னமே அறிந்திருந்தான். நம்மிடம் பிறகுதான் சொன்னான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கிற்று. அவன் செய்த முறையில் இரண்டு செய்திகளை மெச்ச வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே படுக்கவில்லை. உறுதியான இரும்புத் தாங்கிகளை இரவல் வாங்கி வந்து முட்டுக் கொடுத்தான். அறுப்பதையும் பற்றவைப்பதையும் வண்டியின் அடியிலே செய்யவுமில்லை. சிறிய கார்களில் பெட்ரோல் தொட்டி ஸைலன்ஸருக்கு மிக அருகில் இருக்கும். அங்கே தீப்பொறி பறந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே பெட்டியைத் தனியே கழற்றி வெளியே கொண்டு வந்தான். எஞ்சினுக்கு அருகில் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கிக் கலம் ஒன்று இருக்கிறது. நம் நாட்டின் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரலில் கட்டாயமாக்கப்பட்ட சாதனம் அது. அதைத் தொடவே கூடாது என்று சொல்லி விலகி நின்றான்.

பெட்டியைச் சாய்த்ததும் உள்ளிருந்து துருவும் தண்ணீரும் கொட்டின. மழையில் நனைந்ததோ என்று கேட்டோம். அவன் சிரித்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறதாம்! அது ஆவியாக வெளியேறும். ஆனால் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே ஐந்தாறு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் ஸைலன்ஸர் நன்றாகச் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. ஆவி உள்ளேயே குளிர்ந்து நீராகித் தேங்குகிறது. வெளியே பளபளக்கும் பெட்டி உள்ளிருந்து அரிக்கப்படுவது இதனால்தான். அந்த நீர் வடிவதற்கென்றே பல பெட்டிகளின் அடியில் ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். நம் வண்டியின் முந்தைய உரிமையாளர் அது ஓட்டை என்று நினைத்து அடைத்திருக்கிறார். அந்தப் புண்ணியவான் செலவிட்ட சிறு தொகை நமக்கு ஒரு ஸைலன்ஸரின் விலையாக முடிந்தது.

பெட்டியை அறுத்துத் திறந்தபோது நாம் வியந்தே போனோம். உள்ளே வெறும் புழை இருக்கும் என்று எண்ணியிருந்தோம். இருந்ததோ ஒரு சிறு வீடு. தடுப்புச் சுவர்கள், அறைகள், ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்லும் துளையிட்ட குழாய்கள். வாயு ஓர் அறையில் நுழைந்து, திரும்பி, வேறு குழாய் வழியே மீண்டும் திரும்பித்தான் வெளியேற முடியும். குழாய் திடீரென்று அறையாக அகலும் இடத்தில் ஒலியலையில் ஒரு பங்கு வந்த வழியே திரும்புகிறது. திரும்பும் அலையின் மேடும் வரும் அலையின் பள்ளமும் சந்தித்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வழியே இல்லாத ஓர் அறையும் மூலையில் இருந்தது. அதற்குக் குறுகிய கழுத்து ஒன்று மட்டும் உண்டு. வெற்றுப் புட்டியின் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுரம் எழுகிறதல்லவா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த தத்துவம் இது. அந்த அறை தனக்குரிய ஒரு சுரத்தை மட்டும் பிடித்து விழுங்குகிறது. காதுக்கு மிகவும் தொல்லையான சுரம் எது என்று யாரோ ஒரு பொறியியலாளர் பொறுமையாகக் கேட்டறிந்து, அதற்கென்று ஓர் அறை கட்டியிருக்கிறார். அதைத்தான் நாம் அறுத்து எறிந்தோம்.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தி நினைவுக்கு வருகிறது. துப்பாக்கியின் ஓசையைத் தணிக்கும் கருவிக்கு 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஹைரம் பெர்சி மாக்ஸிம். மோட்டார்களுக்கும் அவர் ஒலித்தணிப்பிகள் செய்தார். அவருடைய தந்தையார் யாரென்றால், மாக்ஸிம் இயந்திரத் துப்பாக்கியை இயற்றியவர்! அக்காலத்து அமெரிக்கக் கார்கள் பலவற்றில், ஸைலன்ஸரைத் தவிர்த்துப் புகையை நேரே வெளியே விடுவதற்கு ஒரு மிதியும் இருந்தது. மேடேறும்போது வலு கூடும் என்பது சாக்கு. தெருவில் முழங்குவதே பெரும்பாலும் நோக்கம். ஊர்கள் பலவும் அதைத் தடை செய்தன. ஆகவே நம் ஆசை ஒன்றும் புதியதன்று.

மருமகன் அறைகளை நீக்கிவிட்டு, துளையிட்ட நேர்க்குழாய் ஒன்றை நடுவே வைத்து, சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு திணித்து மூடினான். ஒலி பஞ்சிழைகளுக்குள் புகுந்து உராய்ந்து வெப்பமாகிவிடும் என்பது இவ்வகையின் தத்துவம். கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை அது நன்றாகத் தணிக்கும். தாழ்ந்த முழக்கங்களை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். அந்த முழக்கத்துக்காகத்தானே இத்தனை பாடு? வால்குழாயும் துருப்பிடித்திருந்தமையால் அதை முக்கால் அடி குறைத்து, நுனியைச் சற்றே கீழே வளைத்துவிட்டான். பார்வைக்கும் அது எடுப்பாக இருந்தது.

மாலையில் சாவியைத் திருகினோம். உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா, அன்று நம் நெஞ்சு விம்மிற்று. கனத்த குரலில் வண்டி உறுமியது. தெருவில் பந்தாடிய பிள்ளைகள் திரும்பிப் பார்த்தனர். நாம் அலுவலகம் செல்லும் பாதையை நான்கு நாட்கள் வேண்டுமென்றே நீட்டித்துக் கொண்டோம்.

ஐந்தாம் நாள் முதல் கணக்குத் தீரத் தொடங்கியது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் வண்டிக்குள் ஒரு குமுறல் எழும். காதால் கேட்பதைவிட மார்பால் உணரப்படுவது அது. விநாடிக்கு 60 அதிர்வு என்றோமே, அது மூடிய வண்டியின் உட்புறத்தோடு ஒத்ததிர்ந்தது. கம்பீரம் வெளியே நிற்பவர்க்கு, குடைச்சல் உள்ளே இருப்பவர்க்கு என்றாயிற்று. வலு கூடியதா என்றால், சாதாரண வேகத்தில் நமக்கொன்றும் தெரியவில்லை. மேல்மாடியில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார்; கார்வால் மலைப்பகுதியினர். அவர் மனைவியார் நோயாளி. அவர் நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் நாம் வண்டியை எடுக்கும்போது மட்டும் மேலே சன்னல் ஒன்று சாத்தப்படும் ஓசை கேட்கும். வண்டியின் உறுமலையும் மீறி அந்தச் சிறிய ஓசை நம் காதில் விழுந்து கொண்டிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மொழிபெயர்ப்பாளருக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது சூழலின் ஒலிக்கு உரிய வரம்பு. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கோ ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்ட பின், ஒலி பற்றிய தரத்தை மீறும் வண்டியை ஓட்டுவோருக்கு முதல் முறையிலேயே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மூன்று மாதம் ஓட்டும் உரிமையும் போகும். அனுமதியில்லாத மாற்றங்களைச் செய்யும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்பது வேறு. நகரங்கள் சிலவற்றில் காவல் துறையினர் மோட்டார் சைக்கிள்களின் மாற்று ஸைலன்ஸர்களைக் கழற்றி, சாலையில் வரிசையாகப் பரப்பி, உருளை எந்திரத்தை ஏற்றி நசுக்கியிருக்கின்றனர். இத்தனையும் அறிந்தும் நாம் ஓட்டிக்கொண்டுதான் இருந்தோம். அறிவது வேறு, அஞ்சுவது வேறு.

மார்கழியில் ஒரு நாள் மதுரா சென்றுவரப் புறப்பட்டோம். நல்ல குளிர். கண்ணாடிகள் அனைத்தையும் ஏற்றியிருந்தோம். முன்னே நாமும் மருமகனும். பின்னே நம் இல்லத்தரசியும் எழுபத்து நான்கு வயதான நம் அன்னையாரும். ஒரு மணி நேரத்தில் பின்னிருந்த இருவருக்கும் தலை கனத்தது. குமுறலால் வந்த தலைவலி என்று எண்ணினோம். அன்னையார் உறங்கலானார். சற்று நேரத்தில் இல்லத்தரசி, "அம்மாவை எழுப்பினால் சரியாகப் பதில் சொல்லவில்லையே" என்றார். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தோம். குளிர்ந்த காற்றில் சில நிமிஷம் உட்கார வைத்ததும் அன்னையார் கண் விழித்து, "வயிற்றைப் புரட்டுகிறது, ஏன் இந்த வண்டியில் வந்தோம்?" என்று கேட்டார்.

மருமகன் முகம் வெளுத்துவிட்டது. ஒன்றும் பேசாமல் சாலையோரத் தரையில் மல்லாந்து படுத்து வண்டியின் கீழே பார்த்தான். குறைக்கப்பட்ட வால்குழாய் வண்டியின் பின் விளிம்பை எட்டவில்லை. அதன் கீழ்நோக்கிய நுனியிலிருந்து வந்த புகை, தரையில் மோதி, வண்டியின் அடித்தகட்டிலே பரவியிருக்கிறது. அங்கே கரி படிந்திருந்தது. பின் கதவின் ரப்பர் விளிம்போ வெடித்துக் கிடந்தது. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் புகை அங்கேயே சுழலும். சந்து கிடைத்தால் உள்ளே நுழையும். அப்புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேலாக இதைப் பற்றிக் கொள்கிறது. வினையூக்கிக் கலம் நல்ல நிலையில் இருந்தால் இவ்வாயு பெரிதும் குறைந்துவிடும்; ஒன்பது ஆண்டுக் கலத்தை எவ்வளவு நம்புவது? "மாமா, நான் சத்தத்தைத்தான் பார்த்தேன், புகை எங்கே போகும் என்று பார்க்கவில்லை" என்றான். அவன் குரல் உடைந்தது. அவனை நாம் கடிந்துகொள்ளவில்லை. அவன் பார்க்கவில்லை, சரி. நாமோ அதையே பத்து நாள் முன்பு தமிழில் எழுதியவர்!

அருகிலிருந்த ஊரில் மருத்துவரிடம் காட்டினோம். அன்னையாருக்குப் பிராணவாயு கொடுத்து மாலை வரை வைத்திருந்து அனுப்பினார். பெண்கள் இருவரையும் வாடகைக் காரில் ஏற்றிவிட்டு, நாம் இருவரும் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிக் கொண்டு, பனிமூட்டத்தில் மெல்ல ஓட்டி வீடு சேர்ந்தோம். நம் கழுத்துகளில் இருந்த மப்ளர்கள் அன்று ஆற்றிய தொண்டு பெரிது. வண்டிக்குத்தான் மப்ளர் இல்லை.

மறுநாளே தில்லி காஷ்மீரி கேட்டில் உள்ள உதிரிப் பாகக் கடைத்தெருவில் அந்த வண்டிக்கே உரிய புதிய ஸைலன்ஸரை முழு நீள வால்குழாயுடன் வாங்கினோம். பின் கதவின் ரப்பரையும் மாற்றினோம். அதன் பிறகுதான் மருமகன் ஒன்று கண்டான். நாம் முதலில் ஸைலன்ஸரின் தலையில் ஏற்றிய குற்றங்களில் பாதி அதனுடையதல்ல. கரகரத்தது, வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய தகடு. அதன் திருகு தளர்ந்திருந்தது. அடித்தரையில் இடித்தது, குழாயைத் தொங்கவிடும் ரப்பர் வளையம்; அது பிய்ந்திருந்தது. புஸ்ஸென்று சீறியது, இணைப்பிலிருந்த கேஸ்கட். மூன்றையும் சில நூறு ரூபாயில் மாற்றினான். இவை வீட்டில் எவரும், வண்டி நன்கு ஆறிய பிறகு, செய்யக்கூடிய வேலைகள். ரம்பம் தேவையில்லை. குளிர்ந்த எஞ்சினை முடுக்கி, இணைப்புகளின் அருகே, சூடேறுமுன், தொடாமல் கையை நீட்டினால் கசிவு காற்றாகத் தெரியும். வடிகால் துளை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும், மாதம் ஒரு முறையேனும் வண்டியை நீண்ட தூரம் ஓட்டி ஸைலன்ஸரை உலர விடுவதும் அதன் ஆயுளைக் கூட்டும். இப்போது வண்டி தாழ்ந்த, சீரான குரலில் ஓடுகிறது. நாம் முதலில் விரும்பியதும் ஒருவேளை இக்குரலே போலும்.

ஒரு வாரம் கழித்து மேல்மாடி ஆசிரியர் படிக்கட்டில் எதிர்ப்பட்டு, "வண்டியை விற்றுவிட்டீர்களா?" என்று இந்தியில் கேட்டார். இல்லை என்றோம். "அப்படியா? காலையில் நீங்கள் புறப்படுவதே தெரிவதில்லையே. அவளும் இப்போது ஏழு மணி வரை தூங்குகிறாள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விதிகளின் கோப்பு அப்போதும் அச்சுக்குப் போகாமல் நம் மேசையிலேயே இருந்தது. அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தோம். 'தாழ்வாகவோ' என்பது நம் எழுத்து. தாழ்வாக என்றால் உயரம் குறைந்த இடத்தில் என்று ஆகும். எல்லாக் கார்களின் குழாயும் தாழ்வாகத்தான் இருக்கிறது. மூலம் சொல்லுவதோ புகையின் திசையை. இடப்புறம் ஏன் ஆகாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. நம் நாட்டுச் சாலைகளில் வண்டியின் இடப்புறமே நடைபாதை. அங்கே மனிதர் நடக்கின்றனர். 'தாழ்வாகவோ' என்பதை அடித்துவிட்டு, 'தரையை நோக்கியோ' என்று எழுதி, பக்கத்தில் கையொப்பமிட்டுக் கோப்பை மேலே அனுப்பினோம்.